லட்சம் வீடும் லைன் வீடும்

சாலைக் கடைத்தெருவின் பின்புறம், இரண்டு ஆள் தோளோடு தோள் சேர்ந்து நடக்க முடியாத ஒரு முடுக்கு. அதற்குள் இருந்தது நாங்கள் குடியிருந்த லைன் வீடு. ஒரே ஓட்டுக்கூரை, அதன் கீழே ஏழு குடும்பங்கள். ஒரு வீட்டில் தாளித்தால் ஏழு வீட்டிலும் தும்மல் கேட்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வெல்லக் கடையில் மூட்டை எடுக்க வந்த தாத்தா பிடித்த வீடு அது. அப்பாவும் அங்கேயே இருந்து, அதே கடையில் கணக்கெழுதினார். வாடகை மாதம் ஏழு ரூபாய்.

அந்த ஏழு ரூபாயைப் பற்றி அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். "ரெண்டு ரூவா கூடக் குடுத்தோம்லா, அதனாலதாம்ல நமக்கு மண்ணு இல்லாமப் போச்சு." சிறுவயதில் எனக்கு இது புரியவில்லை. பிற்பாடு நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் படித்தபோதுதான், அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று தெரிந்தது.

திருவனந்தபுரத்துத் தமிழரின் வரலாற்றைப் பற்றி நம் மலர்களில் ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. தர்மராஜா காலத்தில் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் இங்கே மாறியது, திவான் ராஜா கேசவதாசர் சாலைச் சந்தையை ஏற்படுத்தித் தமிழ் வணிகரை வரவழைத்தது, கோட்டையைச் சுற்றியும் கரமனையிலும் வலியசாலையிலும் அக்ரகாரங்கள் அமைந்தது எல்லாம் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்பவை. அரண்மனையையும் கோயிலையும் சார்ந்து வந்தவர்களுக்குத் தெருக்கள் அமைந்தன. வணிகர்களுக்குக் கடையும் மச்சும் அமைந்தன. சுமை தூக்கவும், தெருக் கூட்டவும், கட்டடத்துக்குச் சித்தாள் வேலை பார்க்கவும் வந்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்பதைப் பற்றி மட்டும் நாம் அதிகம் எழுதவில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. உழைக்கும் குடும்பத்துக்கு வீடு கொடுக்க நாடும் மாநிலமும் போட்ட திட்டங்கள் பல. அவற்றுக்குள் அவர்கள் எப்போது வந்தார்கள், எப்போது வெளியே நின்றார்கள் என்று பார்ப்பதே நோக்கம்.

முதலில் அந்த ஐந்து ரூபாய்க் கணக்கு. 1969ஆம் ஆண்டு திருத்தப்பட்ட கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்த 'குடிகிடப்புகாரர்' தம் குடிசை நின்ற மண்ணை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை அது கொடுத்தது. பஞ்சாயத்தானால் 10 சென்ட், நகராட்சியானால் 5 சென்ட், மாநகரமானால் 3 சென்ட். விலையும் சந்தை விலையில் கால் பங்குதான், சில இடங்களில் அதிலும் பாதி. லட்சக்கணக்கான குடும்பங்கள், "இறங்கிப் போ" என்று எவரும் சொல்ல முடியாத நிலைக்கு வந்தன. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு தூரம் போகவில்லை.

ஆனால் குடிசை என்றால் எது? சட்டம் அதற்கும் ஒரு வரையறை வைத்திருந்தது. கட்ட 750 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, அல்லது கட்டிய காலத்தில் மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாடகை பெறாததாக இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் இதைவிடச் சிக்கலாகச் சொல்வார்கள். சாரம் இதுதான். செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமாக நின்ற லைன் வீடு குடிசை ஆகாது. அதில் இருந்தவன் வெறும் வாடகைக்காரன். தென்னந்தோப்பு மூலையில் ஓலை கட்டிக் கிடந்த குடும்பத்துக்கு மண் கிடைத்தது. அதைவிடக் கொஞ்சம் நல்ல கூரைக்கு மாதாமாதம் பணம் கொடுத்த குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. இதை யாருடைய குற்றமாகவும் சொல்லவில்லை. அந்தச் சட்டம் கிராமத்து நிலவுடைமையை மனதில் வைத்து எழுதப்பட்டது, சாலையின் பின்முடுக்கை வைத்து அல்ல.

தில்லியின் திட்டங்களும் அப்படித்தான் இருந்தன. 1952இல் வந்த தொழிலாளர் வீட்டு மானியத் திட்டம் ஆலைத் தொழிலாளிக்கு. 1954இல் வந்த குறைந்த வருவாய்ப் பிரிவினர் திட்டம், செலவில் 80 சதவீதம் வரை கடன் கொடுத்தது. மிச்சத்தைக் கையிலிருந்து போட முடிந்தவனுக்கு அது நல்ல திட்டம். 1956இல் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் திட்டம் வந்தது, சேரி மாற்றுத் திட்டமும் வந்தது. மூட்டை தூக்குபவன் ஆலைத் தொழிலாளியும் இல்லை, தோட்டத் தொழிலாளியும் இல்லை. அவன் குடியிருந்தது சேரி என்று எழுதப்பட்ட இடத்திலும் இல்லை.

பிறகு வந்தது லட்சம் வீடு.

அச்சுதமேனன் மந்திரிசபையில் வீட்டுவசதித் துறையைக் கவனித்தவர் எம்.என். கோவிந்தன் நாயர். எம்.என். என்றே ஊரெல்லாம் அவரைக் கூப்பிடும். 1971இல் மத்திய அரசு, கிராமத்து நிலமற்ற தொழிலாளருக்கு மனையிடம் கொடுக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. மனை கொடுப்பதோடு அது நின்றுவிடும். வீடு அவரவர் பாடு. எம்.என். அதை அங்கேயே நிற்க விடவில்லை. மனையை மத்திய அரசின் கணக்கில் எடுப்போம், வீட்டை நாமே கட்டுவோம், பஞ்சாயத்துக்கு நூறு வீடு என்று 1972இல் கிளம்பினார். ஏறக்குறைய ஆயிரம் பஞ்சாயத்து, ஆகவே லட்சம் வீடு. கணக்கு அவ்வளவு சுருக்கமானது. ஊர்ப் பொதுமக்களிடம் நன்கொடை, இளைஞரிடம் உடலுழைப்பு என்று ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி நடந்தது அது.

நானும் அந்தத் தேரில் ஒரு கை போட்டவன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சனிக்கிழமை, நகருக்கு வெளியே ஒரு பஞ்சாயத்துக்குக் கூட்டிப்போனார்கள். மண் சட்டியும் வெட்டுக்கல்லும் சுமந்தோம். மத்தியானம் கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள், அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு நாங்க வீடு கட்டினோம்" என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "யாருக்குல?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வீடுகளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க இரண்டிரண்டு வீடுகளாகச் சேர்த்துக் கட்டினார்கள். நடுவே ஒரே சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். நடுச்சுவரை இரு வீட்டுக்கும் பொதுவாக்கினால் ஒரு சுவரின் செலவு மிச்சம். ஏட்டில் இது நல்ல யோசனை. ஐம்பது வருஷம் கழித்து அந்தச் சுவர் என்ன தொல்லை கொடுக்கும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். லட்சம் என்ற இலக்கில் ஏறத்தாழ பாதிதான் கட்டி முடிந்தது. இதை வைத்துத் திட்டம் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைக்கு மேல் வீட்டையும் சேர்த்துக் கொடுப்பது அரசின் வேலை என்ற எண்ணம் அதில் இருந்தது. மத்திய அரசு இந்திரா ஆவாஸ் திட்டம் என்று கிராமத்து ஏழைக்கு வீடு கட்டத் தொடங்கியது 1985இல்தான்.

அதே காலத்தில் இந்த நகரத்தில் இன்னொருவர் வேறு திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்த லாரி பேக்கர். இமயமலை அடிவாரத்திலும் வாகமண்ணிலும் இருந்துவிட்டு, திருவனந்தபுரம் நாலாஞ்சிறைக்கு வந்து குடியேறினார். வீடு கட்டும் பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் சொன்னதைத்தான் வாழ்நாளெல்லாம் செய்து பார்த்ததாக அவர் சொல்வார். உள்ளூர்ப் பேராயர் மார் கிரிகோரியோஸ் அவருக்கு ஏழைகளின் வீடு கட்டும் வேலை கொடுத்தார். பிறகு அச்சுதமேனனும் பொருளியலறிஞர் கே.என். ராஜும் உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் உட்காராத நம்மவர் யார்? அதுவும் அவர் வேலைதான்.

பேக்கரின் சிக்கனம் எங்கே இருந்தது என்று கொத்தனாரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். செங்கல்லைப் படுக்கவைத்து அடுக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டுவது ஒன்று. எலிப்பொறிக் கட்டு என்பார்கள். கல் கால்வாசி மிச்சம், பொந்துக்குள் நிற்கும் காற்றால் உஷ்ணமும் குறைவு. இன்னொன்று கூரை. காங்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் காங்கிரீட்டுக்கு வேலை இல்லை, அங்கே இழுவையைத் தாங்குவது கம்பி. அந்த இடத்தில் பழைய ஓட்டைப் பதித்துவிட்டால் சிமெண்டும் கம்பியும் மிச்சம், கனமும் குறைவு. சன்னலுக்கு மரம் போடாமல் செங்கல்லிலேயே துளை விட்டு ஜாலி கட்டினார். இவற்றைப் பரப்ப 1985இல் அச்சுதமேனன், பேக்கர், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோர் காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பேக்கர் 2007 ஏப்ரல் 1 அன்று மறைந்தார்.

ஒரு முரணையும் சொல்லிவிடுகிறேன். பேக்கர் பாணி வீட்டைப் பிற்காலத்தில் அதிகம் விரும்பியவர்கள் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும்தான். வளைகுடாப் பணம் வந்த வீடுகள் பளபளவென்று பூச்சு கேட்டன. ஏழையும் பூசாத செங்கல்லை ஏழ்மையின் அடையாளமாகவே பார்த்தான். "எங்களுக்கு மட்டும் ஏன் பூசாத சுவரு?" என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

வளைகுடா வீடுகளைக் கட்டியவர் யார் என்பதும் நம் கதைதான். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கங்களிலிருந்து கொத்தனாரும் சித்தாளும் கூட்டம் கூட்டமாகக் கேரளம் வந்தார்கள். காலையில் சந்திப்புகளில் கரண்டியும் தூக்குவாளியுமாக நிற்பார்கள், யார் கூப்பிடுகிறார்களோ அவர்களோடு போவார்கள். இரவு, கட்டி முடியாத வீட்டின் தரையிலேயே படுப்பார்கள். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் தங்குமிடம் தர வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமும் அதையே சொன்னது. சந்திப்பில் நின்றவனைக் கூட்டிப்போனவர் எந்தப் பேரேட்டிலும் ஒப்பந்தக்காரர் இல்லையே!

வீடு வேலையோடு சேர்ந்தே வந்த இடமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் கேரளத் தமிழரின் வீட்டுக் கதை முடியாது. மூணாறிலும் பீருமேட்டிலும், நம் மாவட்டத்திலேயே விதுரைக்கு மேலே போணக்காட்டிலும் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்களுக்கு வெள்ளைக்காரன் வரிசையாக அறைகள் கட்டினான். ஆங்கிலத்து 'லைன்' வாயில் புழங்கி லயமாயிற்று. குதிரை கட்டும் லாயம் என்ற நம் சொல் பக்கத்திலேயே கிடப்பதை நான் மட்டும் கவனித்திருக்க மாட்டேன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. கேட்க நல்ல சட்டம். ஆனால் வேலை உள்ளவரைதான் வீடு. 58 வயதில் ஓய்வு பெற்றால் இறங்க வேண்டும். மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் பேர் பதிந்தால்தான் கூரை நிலைக்கும். படித்து வெளியே போன பிள்ளையால் தாய் தகப்பன் வீட்டை இழக்கிற விசித்திரம் வேறெந்தத் தொழிலில் உண்டு? 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. பணிக்கொடை வராததால் ஒழுகும் லயத்தை விட்டு இறங்காமலே பலர் கிழடாகிப் போனார்கள்.

2015 செப்டம்பரில் மூணாறில் 'பொம்பிளை ஒருமை' என்று பெண்கள் தாமாகத் திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். போனஸும் கூலியும் பெரிய செய்தியாயின. ஒற்றை அறை லயத்தில் மூன்று தலைமுறை படுக்கிறது என்று அவர்கள் சொன்னது அவ்வளவு பெரிய செய்தியாகவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்கள் போயின. எழுபது பேர் இறந்தார்கள். வெளியுலகுக்குச் சேதி தெரிய மறுநாள் காலையாயிற்று. இறந்தவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். அன்று பேப்பரில் வந்த பெயர்களை அப்பாவுக்கு நான்தான் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும், "இது எந்த ஊருக்காரன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிழைத்த குடும்பங்களில் எட்டுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் தலா 5 சென்டில் வீடு கிடைத்தது. சொந்தப் பட்டா உள்ள மண். அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது!

இனி நகரத்துக்கு வருவோம். தலைமைச் செயலகத்துக்கும் தம்பானூருக்கும் நடுவே செங்கல்சூளை என்று ஒரு குடியிருப்பு உண்டு, இப்போது ராஜாஜி நகர். செயலகம் கட்டக் கல் சுட்ட சூளை அங்கே இருந்தது என்று சொல்வார்கள். சாலைக்கருகே கரிமடம். இவ்விரண்டிலும் நகர்த் துப்புரவுக்கும் கூலிக்கும் வந்த குடும்பங்கள் பல. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் கரிமடத்தை அதே இடத்திலேயே அடுக்கு வீடாக மாற்றும் வேலையைக் காஸ்ட்ஃபோர்டு எடுத்துக்கொண்டது. வேலை இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனாலும் 'அதே இடத்திலேயே' என்பது பெரிய காரியம். அதே திட்டப் பணத்தில் சென்னை பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழும்பின. கூவக்கரையில் இருந்தவர்களை அத்தனை தூரம் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டுவேலை பார்த்த பெண்ணுக்குப் பஸ் கூலியிலேயே சம்பளம் கரைந்தது. 1970இல் தமிழ்நாட்டுக் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது, நகருக்குள்ளேயே மாடிவீடு கட்டியதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் நம் உறவினர் இருந்தால் உடனே, "எங்க ஊரப் பாருங்க" என்பார்கள். நியாயம்தான். 1960இல் வீட்டு வளர்ச்சிக் கழகம் தொடங்கி, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலத்தை எடுத்து, இன்று பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் அந்த அடுக்குமாடிகளை இப்போது கட்டுகிற தமிழ்நாட்டுப் பையன் இருப்பது தொழிலாளர் விடுதியில். 2020இல் அங்கே தொற்று முதலில் பெருகியது அந்த விடுதிகளில்தான். கூரை கட்டுபவனுக்குக் கூரை கணக்கில் வராதது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல.

தேசியக் கொள்கை இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1988, 1994, 1998 என்று கொள்கைகள் வந்தன. 2007ஆம் ஆண்டின் நகர்ப்புற வீட்டுக் கொள்கை, எல்லோருக்கும் கட்டுப்படியாகும் வீடு என்பதைக் குறிக்கோளாகவே வைத்தது. 2012இல் ஒரு வல்லுநர் குழு, நகரங்களில் 1 கோடியே 87 லட்சத்துக்கு மேல் வீடு குறைவு, அதில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழைக்கும் குறைந்த வருவாய்க்காரருக்கும்தான் என்றது. 2015 ஜூனில் பிரதமர் ஆவாஸ் திட்டம் வந்தது. அதன் பெரும்பகுதி, சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவனுக்கு உதவி. மறுபடியும் மனை! 2020இல் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்து ஊர் போனதை நாடே பார்த்த பிறகுதான், வாடகை வீடு என்ற சொல் திட்டத்துக்குள் வந்தது. காலியாகக் கிடந்த லட்சத்துக்கு மேற்பட்ட அரசு வீடுகளைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடுவோம் என்றார்கள். மாறியது அதில் சிறு பகுதி. கேரளம் அதற்கு முன்பே, 2019இல், பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 'அப்னா கர்' என்று தொழிலாளருக்கு விடுதி கட்டியது. ஆனால் 2013இல் திருவனந்தபுரத்துக் குலாத்தி நிறுவனம் போட்ட கணக்கில், வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம் பேர். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கேரளத்தின் லைஃப் திட்டம் 2016இல் தொடங்கி 4 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளை முடித்திருக்கிறது. மத்திய உதவியும் சேர்ந்த வீடுகளில் திட்டத்தின் பெயர்ப்பலகை மாட்டச் சொன்னபோது, வீட்டுக்காரன் மானத்துக்குக் குறைச்சல் என்று மாநிலம் மறுத்தது. அது எனக்குப் பிடித்த செய்தி. நிலமற்றவர்களுக்காக 2021இல் 'மனசோடு இத்திரி மண்ணு' என்று, நிலம் தானம் செய்யக் கோரி ஓர் இயக்கமும் நடந்தது. மனசோடு கொஞ்சம் மண் என்பதே அதன் பொருள். ஆனால் லைஃப் பட்டியலுக்கு அடிப்படை ரேஷன் கார்டு. ஒரு கார்டு, ஒரு குடும்பம். நம்மவரில் எத்தனை பேருடைய கார்டு இன்னும் சங்கரன்கோவிலிலும் வள்ளியூரிலும் கிடக்கிறது! ஊரில் அரிசியும் பொங்கல் பரிசும் விட்டுப்போகக் கூடாது என்று கார்டை மாற்றாமல் வைத்துக்கொள்கிறோம். அங்கே ஆள் இல்லை, இங்கே பேர் இல்லை. எண்பதுகளில் அப்பா ஒரு வீட்டுக் கடனுக்கு அலைந்தபோது, ஓர் அலுவலகத்தில் கேட்ட கேள்வி, "சொந்தமாயிட்டு மூணு சென்டு உண்டோ?" சில வருஷம் முன்பு நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரோடு வார்டு கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாற்பது வருஷமாக இங்கே இஸ்திரி வண்டி தள்ளுபவர். அவரிடம் கேட்டது, "கார்டு இவிடத்தேயாணோ?"

போன வருஷம், பதினான்கு வயதில் கல் சுமந்த அந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போக நேர்ந்தது. லட்சம்வீடு காலனி என்ற பலகை இல்லை, நகர் என்று எழுதியிருந்தார்கள். வீடுகள் பல மாறி, மாடி எழும்பி, அடையாளமே தெரியவில்லை. இரட்டை வீடு ஒன்று மட்டும் பழைய ஓட்டோடு நின்றது. இரட்டை வீட்டை ஒற்றை வீடாக்கப் பஞ்சாயத்து பணம் கொடுக்கிறதாம். ஆனால் ஒரு பாதியை இடித்தால் மறு பாதி நிற்காது, இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்து அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார். அந்தப் பக்கத்துக்காரர் மகனோடு வேறு ஊருக்குப் போய், பாதியை வாடகைக்கு விட்டிருக்கிறார். வாசலில் ஆறு ஜோடி செருப்பு கிடந்தது. ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன்களாம். வாடகை ஆளுக்கு இத்தனை என்று தலைக்கணக்கு. உள்ளே ஒருவன் தாளித்துக்கொண்டிருந்தான், நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற அந்த அம்மா தும்மினார்.